துடுப்புக்காலிகள் எழுந்த பங்குனி

சிப்பிக்குடியில் அந்தப் பங்குனி மாதம் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்றாலும் தொடக்கத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது: ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடல் ஆய்வு நிலையத்தின் மாடி அறையில், ரெஜினாள் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ஒரு பெயரை எழுதிக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டாள், போட்டதும் இருபத்தோரு வருஷமாக அந்தக் குப்பியில் செத்துக் கிடந்த துடுப்புக்காலி எழுந்து நீந்தத் தொடங்கியது. முதலில் அவள் குப்பியைத் தான்தான் ஆட்டிவிட்டதாக நினைத்துக் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அது நிற்கவில்லை. தத்தித் தத்தி மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. ரெஜினாள் அதைச் செத்தது கெடாமல் வைக்கும் ஃபார்மலினிலிருந்து எடுத்து நல்ல கடல்தண்ணீரில் விட்டுவிட்டு, ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

துடுப்புக்காலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசி மணியை எட்டாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதன் உடம்பு. உள்ளே தின்றது வெளியே தெரியும். நெற்றியில் ஒற்றைக் கண், தலையில் உடம்பளவு நீளத்துக்கு இரண்டு மீசை. சாளையும் நெத்திலியும் வாயைத் திறந்தால் உள்ளே போவதெல்லாம் இதுதான், ஊரில் உலை கொதிப்பதே இதனால்தான் என்று ரெஜினாள் சொல்வாள், ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 'பூச்சி' என்று சொல்லிவிட்டுப் போகும். மன்னார் வளைகுடாவில் இந்தப் பூச்சி எத்தனை வகை என்று பிரித்துப் பெயர் எழுதுவது இருபத்தேழு வருஷமாக அவள் வேலை. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். இன்னது என்று காட்டிக்கொடுப்பது ஐந்தாவது ஜோடிக் கால். ஒரு சொட்டுக் கிளிசரினில் வைத்து, இரண்டு ஊசிமுனையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் எத்தனை கணு, எத்தனை முள், எந்தப் பக்கம் கொக்கி என்று பார்த்துவிட்டுத்தான் பெயரை எழுத வேண்டும். எழுதுவது பென்சிலில், மை ஃபார்மலினில் கரைந்துவிடும். பார்க்காமல் பெயர் எழுதுகிறவளை அந்தத் தொழிலில் யாரும் மனுஷியாக மதிக்க மாட்டார்கள்.

ரெஜினாளின் புருஷன் சவரிமுத்து பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கார்த்திகைப் புயலில் வள்ளத்தோடு காணாமல் போனவன். பதினோரு நாள் கழித்து ஊர் வலையில் ஓர் ஆண் உடம்பு ஏறியது, முகத்தை மீன் தின்றிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், அவள் "இவிய இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடல் கொடுத்த உடம்பை எந்த ஊர் வலை தூக்கியதோ அந்த ஊர்க் கல்லறையில்தான் அடக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம் என்பதால், மேற்கு மதில் ஓரமாகப் புதைத்துப் பெயரில்லாத சிலுவை ஒன்றை நட்டார்கள். ரெஜினாள் தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் பூத்தட்டை நீட்டிக்கொண்டு வருகிறவள் அவள் முன்னால் வந்ததும் நீட்டுவதா திருப்புவதா என்று தெரியாமல் நிற்பாள், ரெஜினாளே ஒரு துண்டைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். காத்திருக்கிறவளா, தாலி அறுத்தவளா, அவளை எந்த வரிசையில் வைப்பது என்று ஊருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மதில் ஓரத்தில் கிடப்பது உண்மையில் யார் என்று மட்டும் யாரும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை, மாமியார் மிக்கேலம்மாள் உட்பட.

புதன்கிழமை பதினேழு துடுப்புக்காலிகள் எழுந்தன, வியாழக்கிழமை நாற்பது. சரியான பெயரை எழுதினால் எழும், தப்பான பெயரை எழுதினால் கிடந்த கிடையிலேயே கிடக்கும், பெயரின் முதல் பாதி மட்டும் தெரிந்து அதை மட்டும் எழுதினால் ஒரு மீசையை லேசாக அசைத்துவிட்டு, மிச்சம் எங்கே என்று கேட்பது போல நிறுத்திக்கொள்ளும். நிலையத்தின் பொறுப்பு விஞ்ஞானி டாக்டர் கதிரொளிக்கு இதில் சந்தோஷம் தாங்கவில்லை, பரீட்சை ஹாலில் வினாத்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆயிற்றே. தாம் கண்டுபிடித்துப் பெயர் வைத்த ஒரு வகை புதியதே இல்லை என்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஆறு வருஷமாகக் கடிதம் எழுதி வம்பு செய்வதை இன்றோடு முடித்துவிடலாம் என்று, பிரிக்காமல் கிடந்த ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தாம் வைத்த பெயரை எழுதிப் போட்டார். அது அசையவில்லை. நிபுணர் சொன்ன பழைய பெயரை எழுதிப் போட்டார், எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. டாக்டர் கதிரொளி நாலு நாள் மருத்துவ விடுப்பில் போனார். திரும்பி வந்து தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினார், எழுந்த மாதிரிகளின் விவரத்தை மூன்று பிரதிகளில் அனுப்பவும் என்று பதில் வந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ரெஜினாள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போய் அன்றைக்கு எழுந்தவற்றைக் கடலில் ஊற்றுவாள், ஊர் கூடி நின்று பார்க்கும். வாளிக்குள் வெறும் தண்ணீர்தான் தெரியும், இருந்தாலும் பார்ப்பார்கள். ஏலக்கூடத்துப் பெண்கள் பூச்சி எழுந்த தண்ணீர் என்று ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள், வலைக்காரர்கள் இரண்டாவது வாரமே சாளை பெருகிவிட்டது என்றார்கள், ஒரே ஒருவர் மட்டும் இத்தனை வருஷம் செத்துக் கிடந்ததைத் தின்ற சாளையை நாம் தின்னலாமா என்று கேட்டுவிட்டுப் பொரித்த சாளையைத் தின்றார். பங்குச்சாமியாருக்குத்தான் சங்கடம். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது, உயிர்ப்புத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அதற்குள் இவை முந்திக்கொண்டதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எங்கே சேர்ப்பது என்று அவர் ஆயர் இருக்கும் மேற்றிராசனத்துக்கு எழுதிக் கேட்டார். பிரசங்கத்தில் சேர்க்க வேண்டாம், அறிவிப்பில் சேர்க்கலாம் என்று அங்கிருந்து சொன்னார்கள்.

பிறகு ஊர் தன் வீட்டுச் சாவுகளைக் கொண்டுவரத் தொடங்கியது. ஒருத்தி நேற்றைக்குச் செத்த கோழியைக் கொண்டுவந்தாள், ஒருவர் லாரியில் அடிபட்ட நாயைக் கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து அதன் பெயர் டைகர் என்று சொல்லி எழுதச் சொன்னார், ஏலத்தில் விலை போகாத ஒரு கூடை சீலா மீனை நிலையத்து வாசலில் இறக்கிவைத்து எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டுப் போதுமா என்றும் கேட்டார்கள். ரெஜினாள் மறுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டாள். கோழி எழவில்லை, டைகர் எழவில்லை, சீலா நாறியது. நிலையத்திலேயே போன வருஷம் அவள் சரியான பெயர் எழுதி அடுக்கிவைத்த குப்பிகளும் அப்படியே கிடந்தன. சரியான பெயர் எழுதியும் சில ஏன் எழவில்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. எந்த விதியை வைத்தாலும் அதற்கு மாறாக ஒன்று வந்து நின்றது, அதே யோசனையில் இரண்டு நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள்.

விதியைக் கண்டுபிடித்தவள் மிக்கேலம்மாள். எழுபத்துநாலு வயது, ஏலக்கூடத்தில் இன்னும் அவள் குரல்தான் பெரிய குரல். உப்பில்லாத குழம்பைத் தின்றுகொண்டே சொன்னாள்.

"ஏட்டி ரெஜினா, டைகருக்குப் பேரு இருந்துச்சு. சீலாவ ஊரே சீலான்னுதான் சொல்லுது. போன வருசம் நீ பாத்து எழுதுன பூச்சிக்கும் பேரு இருந்துச்சு. பேரில்லாமக் கெடக்கதுதான் எந்திரிக்குது."

ரெஜினாள் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டாள். அது சரி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, அடுத்து மாமியார் என்ன சொல்லப்போகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது.

"மேக்கு மதில் ஓரத்துல ஒருத்தன் பேரில்லாமக் கெடக்கான்லா," என்றாள் மிக்கேலம்மாள். "பத்தொம்பது வருசமா ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்கேன். எம் மவன் பேர எழுதிப் போடு. எந்திரிச்சா அவன். எந்திரிக்கலன்னா வேற எவனோ. நானும் தெரிஞ்சுக்கிட்டுச் சாவேன்."

"அவிய பேரு வேற ஒண்ணுக்கு இருக்கு மாமி."

இருந்தது. அது ஊருக்கே பெருமை. சவரிமுத்து காணாமல் போன மறுமாதம், பிணவறைக்குப் போய்வந்த மூன்றாம் வாரம், ரெஜினாள் குப்பியொன்றில் நீலநிறத் துடுப்புக்காலி ஆண் ஒன்றைக் கண்டாள், அதன் ஐந்தாம் கால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி இருந்தது. புது வகை என்று படம் வரைந்து அனுப்பி, 'லாபிடோசெரா சவரியி' என்று புருஷனின் பெயரை அதற்கு வைத்தாள். கிடைத்தது அந்த ஒன்றே ஒன்றுதான். கடலில் போனவன் பெயர் கடலிலேயே ஒரு பிராணிக்கு இருக்கிறது, உலகம் இருக்கும்வரை இருக்கும் என்று அவள் எத்தனையோ ராத்திரிகளைச் சமாதானமாகத் தூங்கியிருக்கிறாள். ஊரும் வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்லும், எங்கள் ஊர்ச் சவரிமுத்து பெயரில் வெளிநாட்டுப் புத்தகத்தில் பூச்சி இருக்கிறது என்று.

மறுநாள் காலை அவள் அந்தக் குப்பியை எடுத்தாள். மாமியார் சொன்ன விதிப்படி அது ஏற்கெனவே பெயருள்ளது, எழாவிட்டாலும் குற்றமில்லை, அப்படியே அலமாரியில் வைத்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷமாக அவள் அதைத் திறந்து பார்த்ததில்லை, ஏன் பார்க்கவில்லை என்று இப்போதுதான் யோசித்தாள். காலைப் பிரித்து வைத்திருந்த கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்தாள். துடுப்புக்காலி முட்டையிலிருந்து வந்து பெரியதாவதற்குள் பதினோரு தடவை சட்டை உரிக்கும். இது பத்துதான் உரித்திருந்தது. கடைசிக் கணு இன்னும் பிரியவில்லை, கொக்கி இன்னும் வளையவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கால் இல்லை அது, முழுசாக வளராத கால். நிலையத்தில் நேற்றைக்கு வேலைக்குச் சேர்ந்தவள்கூடச் செய்யாத தப்பு. அன்றைக்கு அழுதுகொண்டே பார்த்தாள், பார்க்க விரும்பியதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்குக் கீழே ஆத்திரமாக இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

பழைய சீட்டை வெளியே எடுத்துவிட்டு, புதுச் சீட்டில் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற ஒரு சாதாரணப் பெயரை, வளைகுடாவில் வாளிக்கு நூறு கிடைக்கிற வகையின் பெயரை எழுதிப் போட்டாள். தப்பான பெயர் பெயரே இல்லை போலிருக்கிறது; நீலத் துடுப்புக்காலி ஒரு தடவை மீசையைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. சாயங்காலம் ஜெட்டியில் அதை ஊற்றியபோது புருஷனை இரண்டாம் தடவை கடலுக்குக் கொடுத்த மாதிரி இருந்தது. வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். ஏலக்கூடத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

மிக்கேலம்மாள் மட்டும் நின்றுகொண்டே சொன்னாள். "பேரு இப்ப சும்மாத்தான கெடக்கு? அங்க எழுது."

வெள்ளிக்கிழமை பகல், சிலுவைப்பாதை முடிந்ததும் ஊர் அப்படியே கல்லறைக்கு நடந்தது. ரெஜினாள் மேற்கு மதில் ஓரத்துச் சிலுவை முன்னால் மணலில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து, அட்டைமேல் சீட்டை வைத்துப் பென்சிலை எடுத்தாள். நானூறு பேர் சுற்றி நின்றார்கள். அவள் 'ச' என்று எழுதக் கையை வைத்தாள், கை ஓடவில்லை. எழுதினால் நடக்கப்போவதை நினைத்துப் பயந்தாளா, நடக்காமல் போவதை நினைத்துப் பயந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வந்தது. அதற்குக் கீழே ஒன்று இருந்தது, அதுதான் கையைப் பிடித்தது.

"மாமி," என்றாள். "அன்னைக்கு நான் பாக்கல."

"என்னத்தட்டி பாக்கல?"

"பொணவறையில. துணிய விலக்குனாவ. நான் கண்ண மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டே இவிய இல்லன்னு சொல்லிட்டேன். பாத்தா செத்துப்போயிருவாவன்னு பயம். பாக்காம எப்படி மாமி பேரு எழுத?"

பிணவறைக்கு அன்றைக்கு மிக்கேலம்மாளும் வருகிறேன் என்று கதறியபோது, பெற்றவள் பார்க்கக் கூடாது, பொண்டாட்டி பார்த்தால் போதும் என்று பிடித்துவைத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். மிக்கேலம்மாள் மருமகள் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப இப்பப் பாப்போம்," என்றாள். "ஏலே, மம்பட்டி எடுங்கலே."

குழியைத் தோண்டத் தாசில்தார் உத்தரவு வேண்டும் என்று பங்குச்சாமியார் சொன்னார். தாசில்தார் எந்தத் தலைப்பில் உத்தரவு போடுவது என்று குழம்பினார், டாக்டர் கதிரொளி நிலையத்தின் முத்திரையோடு 'மாதிரி அடையாளம் காணல்' என்று ஒரு கடிதம் கொடுத்தார், தாசில்தாருக்கு அது போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தோண்டினார்கள். எலும்பை வெள்ளைத் துணியில் வரிசையாக எடுத்துவைத்தார்கள், ரெஜினாள் லென்ஸோடு முட்டிபோட்டுக் குனிந்தாள். சவரிமுத்துவின் இடது கணுக்காலுக்கு மேலே, கல்யாணமான இரண்டாம் வருஷம், விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு அடித்து எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. மழைக்காலத்தில் அந்த மேட்டை அவள்தான் எண்ணெய் போட்டு நீவிவிடுவாள், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவளுக்குத் தெரியும். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு தடவினாள். மேடு இல்லை. வழவழவென்று நேராக இருந்தது. வலது காலைப் பார்த்தாள், மறுபடி இடது காலைப் பார்த்தாள், ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு மண்டையோட்டைத் திருப்பினாள், மேல்வரிசையில் ஒரு பல்லுக்கு வெள்ளிக் கவசம் போட்டிருந்தது.

"இவிய இல்ல," என்றாள் இரண்டாம் தடவையாக.

மிக்கேலம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் இல்லை என்பதற்கு ஆறுதல் படுவதா அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவுமாகச் செய்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இவன எவ பாத்துக்கிட்டு இருக்காளோ?"

அந்தக் கேள்வி ரெஜினாளுக்கு நெஞ்சில் தைத்தது. பத்தொன்பது வருஷமாகத் தன் புருஷனா இல்லையா என்பதைத் தவிர அந்த உடம்பைப் பற்றி வேறு ஒன்றையும் அவள் நினைத்ததில்லை. பெயர் தெரியாவிட்டால் தெரிந்ததை எழுத வேண்டும் என்பது தொழில் முறை. சீட்டை எடுத்து எழுதினாள்: 'ஆண். வளர்ந்தது. முப்பது வயதுக்கு மேல். இடது கால் முறிவு இல்லை. மேல்வரிசை வலப்பக்கம் நாலாம் பல் வெள்ளி. கார்த்திகை, சிப்பிக்குடிக் கடல்.' துணியின் ஓரத்தில் வைத்தாள். வலது கையின் விரல்கள் ஒருமுறை விரிந்து மடங்கின, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் எங்கே என்று கேட்கிறான் என்று ஊருக்குப் புரிந்தது.

அடுத்த பதின்மூன்று நாளும் அவன் ஊர் விருந்தாளி. வெயில் படக் கூடாதென்று ஓலைப்பந்தல் போட்டார்கள், பிற்பகலில் ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள், ஒருத்தி அந்த விரல்களில் ஜெபமாலையை மாட்டிவிட்டாள், அவை மரியாதையாக அதை நழுவவிட்டன. சீட்டிலிருந்ததை வாட்ஸப்பில் போட்டார்கள், படகு வயர்லெஸ்ஸில் கரை நெடுகச் சொன்னார்கள், பங்குச்சாமியார் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எழுதினார். பதினாலாம் நாள் காலை பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பம், பெயர் தையல்நாயகி, ஐம்பது வயதிருக்கும், தலை முக்கால் நரை. நேரே பந்தலுக்கு வந்து குனிந்து பல்லைப் பார்த்தாள். கண்ணை மூடவில்லை. ரெஜினாள் அதைக் கவனித்தாள்.

"எங்க வூட்டுக்காரருதாங்க," என்றாள் தையல்நாயகி. "திருவிழாக் கூட்டத்துல பல்லு உடைஞ்சுது. தங்கம் போட வசதியில்ல, வெள்ளி போட்டுக்கிட்டாரு."

ரெஜினாள் சீட்டையும் பென்சிலையும் நீட்டி, நீங்களே எழுதுங்கள், எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதுகிறேன் என்றாள்.

"இந்த ஒரு பேரு மட்டும் எழுதுவேங்க. காணாமப் போனவருன்னு ஆபீசு ஆபீசா எழுதிக் குடுத்தே கத்துக்கிட்டேன்."

பென்சிலை முஷ்டியாகப் பிடித்துக்கொண்டு 'அஞ்சப்பன்' என்று எழுதினாள், புள்ளிகளை மறக்காமல் வைத்தாள். துணியில் கிடந்தவன் முப்பத்திரண்டு வயதுக்குரிய சதையோடும் சுருட்டை முடியோடும் எழுந்து உட்கார்ந்து, உடம்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். யாரோ ஒரு கைலியை வீசினார்கள், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்துச் சுற்றும் பார்த்தான், நரைத்த தலையோடு எதிரே நின்றவளிடம் பார்வை வந்து நின்றது.

"அம்மா," என்றான், "தையலு வரல்லியாம்மா?"

தையல்நாயகி அவன் முடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு சொன்னாள். "வந்துருக்கேன். நாந்தான். வாங்க, பஸ்ஸு வந்துரும்."

ஊர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தது. அஞ்சப்பன் வழிநெடுகத் தன் படகு என்னாயிற்று என்று கேட்டுக்கொண்டும், பக்கத்தில் வருகிறவளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டும் வந்தான். ரெஜினாளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, பொறாமைப்பட்டதற்காக அவமானமாகவும் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தையல்நாயகி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை ரெஜினாளால் தாங்க முடியவில்லை.

"என்னக் கும்பிடாதீங்க. அன்னைக்கே கண்ணத் தெறந்திருந்தா அந்தப் பல்லப் பாத்திருப்பேன். சொல்லியிருப்பேன். ஒங்களத் தேடி அனுப்பியிருப்பாவ. பத்தொம்பது வருசம் ஒங்களக் காக்க வச்சது நான்தான்."

தையல்நாயகி பிடித்த கையை விடவில்லை.

"அன்னைக்கே பாத்திருந்தா பொணமாத்தானங்க குடுத்திருப்பீங்க," என்றாள். "பேரு சொல்லி எரிச்சிருப்போம். இன்னைக்கு யாரு எந்திரிச்சிருப்பா?"

பஸ் வந்தது, இருவரும் ஏறினார்கள், கண்டக்டர் அம்மாவுக்கும் மகனுக்குமா டிக்கெட் என்று கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. பஸ் போன பிறகும் ரெஜினாள் அங்கேயே நின்றாள். தான் செய்தது பாவமா புண்ணியமா என்று இத்தனை வருஷப் படிப்பை வைத்துப் பிரித்துப் பார்த்தாள், எந்தப் பக்கமும் சேரவில்லை. பாவம் என்றால் அஞ்சப்பன் எழுந்து போனது இடித்தது, புண்ணியம் என்றால் தையல்நாயகியின் நரை இடித்தது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மிக்கேலம்மாள் ஒரு பையில் இரண்டு சேலையும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். லென்ஸையும் பென்சிலையும் சீட்டுக் கட்டையும் ஏற்கெனவே மேலாக வைத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கார்த்திகையில் கரை நெடுக எந்தெந்த ஊரில் பேரில்லாத உடம்பு அடக்கினார்கள் என்று வாட்ஸப்பில் வந்தவற்றைப் பங்குச்சாமியாரிடம் எழுதி வாங்கியிருந்தாள். ஒன்பது ஊர், பதினாலு குழி.

"பெரியதாழையிலேருந்து ஆரம்பிப்போம்," என்றாள். பையின் வாயைக் கட்டிவிட்டு, முடிச்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். அவன் போனப்ப அவனுக்கு முப்பத்துமூணு. ஒனக்கு இப்ப அம்பத்தொண்ணு. எந்திரிச்சான்னா ஒன்னையும் அம்மான்னுதான் கூப்பிடுவான்."

ரெஜினாள் பையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கூப்பிடட்டும் மாமி," என்றாள்.